நிலாவெளி வீதிப் போர்க் கல்லறைக்குக் காலையில் போங்கள்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் வழியிலேயே இரண்டாம் உலகப்போர்க் கல்லறை வரும். கொண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். காலை வெயில் சரிவாக விழும்போது போவதுதான் நல்லது; கல்லில் செதுக்கிய எழுத்து அப்போதுதான் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் மங்கிவிடும், காலும் சுடும்.

பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் இருக்கும். வயதைத் தவறாமல் பாருங்கள். சில கற்களின் அடியில் வீட்டார் எழுதிக் கொடுத்த ஒரு வரியும் இருக்கும். குனிந்து அதை வாசியுங்கள், எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது. 1942 ஏப்ரல் 9 என்று கண்டால் சற்று நில்லுங்கள்: ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்ட நாள் அது.

அப்புறம், தண்ணீர்ப் போத்தலை மறக்க வேண்டாம்.