கொல்லைக் கோழியும் பக்கத்து வீடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று சென்ட் மனையில் வீடு போக மிஞ்சுவது பின்பக்கம் ஒரு பத்தடி. அதில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கலாமா என்று கேட்பவர்களிடம் தாராளமாக வளர்க்கலாம் என்றுதான் சொல்வேன். மீந்த சோறும் காய்கறித் தோலும் குப்பைத் தொட்டிக்குப் போகாது, வீட்டு முட்டை கிடைக்கும், பிள்ளைகளுக்கும் பொழுது போகும். கெட்டுப்போகக்கூடியது பக்கத்து வீட்டுக்காரரோடு உள்ள உறவுதான். கிராமத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே கொல்லை, களம், வைக்கோற்போர் என்று இடம் கிடந்தது. தெருவில் முக்கால்வாசி வீடுகளில் கோழியும் இருந்தது, அதனால் ஒருவர் மற்றவரைக் குறை சொல்ல வழியில்லை. புறநகர் மனைப்பிரிவுகளில் இந்த இரண்டுமே கிடையாது. கூண்டிலிருந்து எட்டடி தள்ளி அடுத்த வீட்டுப் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது.

போதாக்குறைக்கு, தொந்தரவு எவ்வளவு என்று வளர்ப்பவரால் கணிக்க முடியாது. இரண்டு வாரத்தில் மூக்கு பழகிவிடும், ஒரு மாதத்தில் காதும் பழகிவிடும். “எங்கள் கூண்டில் நாற்றமே இல்லை” என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலேயே நாற்றம் தெரியவில்லை. கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

சேவல் தேவையா?

சண்டைகளில் பாதி சேவலால் வருபவை. முட்டைக்குச் சேவல் வேண்டும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வேண்டியதில்லை. சேவல் இல்லாமலேயே பெட்டை முட்டையிடும். அந்த முட்டை பொரியாது, அவ்வளவுதான். அடை வைத்துக் குஞ்சு எடுக்க நினைப்பவருக்கு மட்டுமே சேவல் தேவை. அவரும்கூடத் தெரிந்தவர் வீட்டிலிருந்து கருமுட்டை வாங்கி அடை வைத்துக்கொள்ளலாம்.

சேவல் விடியலில் மட்டும்தானே கூவும் என்பது இன்னொரு தவறான கணக்கு. அதற்கு உள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். வெளிச்சம் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அது கூவத் தொடங்கிவிடுகிறது. வெளிச்சமும் வேறு சேவலின் குரலும் இடையிடையே தூண்டிவிடும். தெருவிளக்குக்கு நேரே கூண்டு இருந்தால், அல்லது இரவில் வண்டிகளின் வெளிச்சம் உள்ளே விழுந்தால், இரண்டு மணிக்கும் கூவும். அதே ஆய்வாளர்கள் 2015-இல் இன்னொன்றையும் கண்டறிந்தார்கள்: பல சேவல்கள் சேர்ந்திருந்தால் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை தத்தம் தகுதி வரிசைப்படி அடுத்தடுத்துக் கூவும். ஆக, இரண்டு சேவல் வைத்திருப்பவர் வீட்டில் கச்சேரி முடிய நேரமாகும்.

ஒரு மீட்டர் தொலைவில் சேவலின் கூவல் 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை இருக்கவேண்டிய அளவு 45 டெசிபல். சேவல் அலகை முழுதாகத் திறக்கும்போது அதன் காதுத் துளை தானாகவே அடைத்துக்கொள்ளும். தன் சத்தத்திலிருந்து தன் காதைக் காக்க அதற்கு இயற்கை தந்த வசதி அது. பக்கத்து வீட்டில் இரவுப் பணி முடித்து வந்து நான்கு மணிக்குப் படுப்பவருக்கு அந்த வசதி இல்லை.

கழுத்தில் பட்டை கட்டிக் கூவலை அடக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சற்று இறுகினாலும் மூச்சு முட்டிச் செத்துப்போகும். அந்த வேலையே வேண்டாம். சேவல் இருந்தே தீரவேண்டும் என்றால், இரவில் வெளிச்சம் புகாத, ஆனால் காற்றோட்டமுள்ள அடைப்பில் வைத்து, ஆறரை மணிக்கு மேல் திறந்துவிடுங்கள். கூவல் நிற்காது, சத்தம் ஓரளவு அடங்கும்.

குஞ்சு வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சின்னஞ்சிறு குஞ்சில் ஆணா பெண்ணா என்று சந்தைக்காரராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆறு குஞ்சு வாங்கினால் மூன்று சேவலாக வளர்வது சாதாரணம். நான்காம் ஐந்தாம் மாதத்தில் கரகரத்த குரலில் முதல் கூவல் எழும். அந்தச் சேவல்களை யாருக்குக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். பேர் வைத்துக் கொஞ்சி வளர்த்த பிறகு முடிவெடுக்க வீட்டில் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முட்டையிடும் நேரத்தில் பெட்டை கேறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பகலில் சில நிமிடம் கேறும், பிறகு அடங்கிவிடும். கினிக்கோழி வேறு வகை. நிழல் அசைந்தாலும் அலறும். நெருக்கமான தெருவுக்கு அது ஆகாது.

திறந்துவிட்டுப் பழகியவர்கள்

“கோழி என்றால் மேயத்தான் செய்யும்” என்பது சரி. எங்கே மேய்கிறது என்பதுதான் பிரச்சினை. மார்கழிக் காலையில் எதிர்வீட்டு அம்மா ஒரு மணி நேரம் குனிந்து அரிசி மாவில் இழைக்கோலம் போடுகிறார். நிமிர்ந்து உள்ளே போனதும் உங்கள் பெட்டை இரண்டு குஞ்சுகளோடு வந்து நிற்கிறது. முதலில் புள்ளிகளைக் கொத்தும், பிறகு இழைகளை. கடைசியில் பூசணிப்பூவைச் செருகிய சாணிப் பிள்ளையாரைக் காலால் சீய்த்துத் தள்ளிவிட்டுப் போகும். எறும்புக்கும் குருவிக்கும் உணவாகட்டும் என்றுதான் மாக்கோலம் போடுகிறோம் என்று சொல்பவர்கள்கூட அந்தக் கணக்கில் கோழியைச் சேர்ப்பதில்லை.

கீரைப்பாத்திக்கு ஆகும் சேதம் இதைவிட மோசம். விதைத்த மறுநாள் ஈரமண்ணில் ஒரு கோழி பத்து நிமிடம் கிளறினால் போதும், முளைக்கீரை முளைக்காது. மாடியில் காயும் வடகம், வற்றல், மல்லி எல்லாவற்றின் மேலும் எச்சம் விழும். நாட்டுக்கோழி நன்றாகவே பறக்கும். ஐந்தடிச் சுற்றுச்சுவர் அதற்கு ஏறி உட்காரும் திண்ணை. அங்கிருந்து முருங்கை மரம், மரத்திலிருந்து அடுத்த வீட்டு மாடி என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு பக்க இறக்கையில் மட்டும் வெளிநுனியிலுள்ள பத்து நீண்ட இறகுகளைப் பாதியளவில் கத்தரித்துவிட்டால், எழும்போதே சமநிலை தவறித் தரையிலேயே நிற்கும். இரண்டு பக்கமும் வெட்டுவதுதான் வழக்கமான தவறு. அப்போது சமநிலை கெடாது. கொஞ்சம் சிரமப்பட்டாவது தாவிவிடும். அடித்தண்டு கருநீலமாக, ரத்தத்தோடு இருக்கும் இளம் இறகைத் தொடக்கூடாது. இறகு உதிர்ந்து புதிதாக முளைத்த பின் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். இதைவிட நிம்மதியான வழி, அடைப்பின் மேலேயும் வலை போடுவது. காக்கையும் பருந்தும் குஞ்சைத் தூக்காமல் இருக்கவும் அந்த வலை உதவும்.

மேயவிட்டே ஆகவேண்டும் என்றால் மாலையில், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது, கூடவே நின்று விடுங்கள். இருட்டுவதற்குள் அடைய வேண்டும் என்ற அவசரம் கோழிக்கே உண்டு, தொலைவு போகாது. காலையில் திறந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவதுதான் தெருவையே எதிரியாக்கும் பழக்கம்.

உங்கள் கோழி அடுத்த வீட்டு விறகுக் குவியலுக்குள் திருட்டு முட்டை இட்டால் அந்த முட்டை யாருடையது? இதற்காகப் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டு. கேட்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. எட்டு முட்டைக்காக எட்டு வருடப் பழக்கத்தை விலைபேச வேண்டாம். மறுநாள் முதல் கோழியைக் காலை பத்து பதினோரு மணி வரை அடைத்து வைத்தால் பெரும்பாலும் உங்கள் கூண்டிலேயே இட்டுவிடும்.

நாற்றமும் ஈயும்

புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அது காய்ந்தால் பெரிதாக நாறாது. ஈரமாகவே கிடந்தால் அம்மோனியா கிளம்பிக் கண்ணைக் கரிக்கும். ஆகவே கழுவிவிடுவது சுத்தம் என்று நினைத்து தினமும் குழாயைத் திறந்துவிடுவது நேர் எதிரான வேலை. கழுவிய தண்ணீர் சுவரோரம் தேங்கி, அடுத்த வீட்டுப் பக்கம் கசிந்து, நாற்றத்தைப் புது முகவரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தரையில் உமி, மரத்தூள், கடலைத்தோல், தேங்காய்நார்த் தூள் இவற்றில் எது கிடைக்கிறதோ அதை நான்கு விரற்கடைக்குப் பரப்புங்கள். ஒரு பிடி அள்ளி அழுத்திக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. உருண்டையாகும் இடம் எப்போதும் தண்ணீர்த் தட்டைச் சுற்றித்தான் இருக்கும். அங்கே மட்டும் அள்ளிப் போட்டுப் புதிது பரப்பினால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்கும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள்.

வெயில் நாளில் ஈ முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் இரண்டு முறை எச்சத்தை அள்ளினால் அந்தச் சுழற்சி பாதியில் அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிறு அள்ளுபவர் நூலிழையில் தப்பிப்பார், அல்லது தப்பிக்க மாட்டார். அள்ளியதை மூடியுள்ள தொட்டியில் காய்ந்த இலையோடு அடுக்கி மக்கவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் நல்ல உரமாகிவிடும். பச்சையாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும்.

கூண்டைச் சுற்றுச்சுவரில் ஒட்டி வைப்பது எல்லோரும் செய்வது. நம் வீட்டுக்குத் தள்ளி இருக்கட்டும் என்றுதான் அங்கே வைக்கிறோம், அதாவது அவர்கள் வீட்டுக்கு அருகில். உங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வைக்க உங்களுக்கு மனம் வராத கூண்டை அவர்கள் ஜன்னலுக்கு வெளியேயும் வைக்கக்கூடாது. கூண்டு உங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு லாபமும் உண்டு: மூக்கு பழகினாலும் கண் பார்க்கும், அள்ளுவது தள்ளிப்போகாது.

தீவனத்தை இரவு முழுதும் தட்டில் விட்டுவைத்தால் எலியும் பெருச்சாளியும் வரும், அவற்றைத் தேடிப் பாம்பு வரும். தெருவில் ஒரு பாம்பு தென்பட்ட பிறகு, கோழிதான் காரணம் என்ற பேச்சை யாராலும் மாற்ற முடியாது. பொழுது சாய்ந்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். கம்பு, குருணை மூட்டைகளைத் தகர டின்னில் கொட்டி மூடுங்கள்.

அறுப்பது, பொசுக்குவது

ஊரில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீடு சைவமாக இருந்தால், அவர்கள் துளசிமாடத்துக்கு எதிரே கோழியை அறுப்பதும், மயிரைப் பொசுக்கும் புகையை வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக்குள் அனுப்புவதும் மன்னிக்கப்படாத குற்றம். புரட்டாசியில் இன்னும் கூடுதல். உங்கள் வீட்டில் நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. இறகும் குடலும் பொதுச் சாக்கடையில் மிதந்து போனால் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது. கறிக்கடையில் கொடுத்தால் சிறு கூலிக்குச் சுத்தம் செய்து தருவார்கள், இந்த வம்பே இல்லை. சைவ வீட்டுக்கு நட்பாக முட்டை கொடுத்து அனுப்புவதும் அசட்டுத்தனம். அவர்கள் மாடித்தோட்டத்துக்கு ஒரு பை மக்கிய கோழி உரம் கொடுத்துப் பாருங்கள், அடுத்த பைக்கு அவர்களே கேட்டு வருவார்கள்.

நோய்க்கு மதில் தெரியாது

பனி விலகி வெயில் ஏறும் மாதங்களில் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழிக்கழிச்சல் நோய் வந்தால் தெருவோடு போகும். உங்கள் கோழிக்குத் தடுப்பூசி போடாமல் திறந்துவிட்டு, அடுத்த தெருவில் பத்துக் கோழி செத்தால், பழி உங்கள் தலையில்தான் விழும். அதில் நியாயமும் உண்டு. ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் விசாரித்தால் நாள் சொல்வார்கள்.

செத்த கோழியை இரவில் காலி மனையில் வீசுபவர்களை என்ன சொல்வது! நாய் அதை இழுத்துக்கொண்டு எந்த வாசலில் போடும் என்று சொல்ல முடியாது. மூன்றடிக் குழி, மேலே சுண்ணாம்பு, மண். ஒரே சமயத்தில் பல கோழிகள் செத்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள எல்லார் வீட்டுக் கோழிகளையும் அழிக்க நேரிடும். மறைத்து வைப்பது ஊருக்கே செய்யும் கெடுதல்.

புகார் வந்தால்

வாங்குவதற்கு முன்பே இரண்டு பக்க வீட்டிலும் சொல்லிவிடுவது நல்லது. “நாலு பெட்டை வளர்க்கலாம் என்று இருக்கிறோம் அக்கா, ஏதாவது தொந்தரவு என்றால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்” என்றால் போதும். அந்த நாலு என்ற எண்ணைக் காப்பாற்றுவதுதான் கடினம். ஒரு கோழி அடை படுத்தால் 21 நாளில் பத்துக் குஞ்சு. நாலுக்குச் சம்மதித்தவர் பதினாலுக்குச் சம்மதித்ததாக அர்த்தமில்லை.

யாராவது முகம் சுளித்து ஏதேனும் சொன்னால் “கோழி என்றால் அப்படித்தான்” என்று பதில் சொல்லாதீர்கள். பாத்தி கிளறப்பட்டிருந்தால் அன்றைக்கே போய்ப் பாருங்கள், விதையோ நாற்றோ வாங்கிக் கொடுங்கள். முட்டை கொடுப்பது மரியாதைக்கு. சேதத்துக்கு ஈடாக அதை நீட்டினால் லஞ்சம்போல் ஆகிவிடும்.

சட்டம் பேச நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டத்தில் கால்நடை என்ற பட்டியலில் யானை, ஒட்டகம், கழுதை, பன்றி, ஆடு எல்லாம் உண்டு, கோழி இல்லை. அதனால் கோழியைப் பிடித்துப் பவுண்டில், அதாவது அத்துமீறிய மாடுகளை அடைக்கும் பட்டியில், அடைக்க முடியாது. ஆனால் பொதுத் தொல்லை என்று மனு போனால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி அதை அகற்றச் சொல்லிக் கோட்டாட்சியர் உத்தரவிட முடியும். எரிச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டால் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வழக்கில் நீங்கள் ஜெயிக்கலாம். அதன்பின்னும் அதே தெருவில், அதே மதிலுக்கு இந்தப் பக்கம்தான் குடியிருக்க வேண்டும்.