பத்து வயதுப் பிள்ளையும் சண்டைப் பயிற்சியும்: சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும் பெற்றோர் செய்ய வேண்டியவை

சென்னையில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டை மாடிகளை அண்ணாந்து பார்த்தால், ஏதேனும் ஒன்றில் வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். கராத்தே, டேக்வாண்டோ, கிக் பாக்ஸிங் என்று பலகையில் பெயர் மாறும். வடசென்னையில் ராயபுரம், வியாசர்பாடிப் பக்கம் குத்துச்சண்டைக்கு இவற்றையெல்லாம்விட நீண்ட மரபு உண்டு. 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற தேவராஜன் இந்த ஊர்க்காரர்தான். அந்த மரபின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இந்தக் குறிப்பு, ஏழு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையைப் பதக்கத்துக்காகத் தயார் செய்யத் துடிக்கும் பெற்றோருக்கானது. என் மகளை எட்டு வயதில் டேக்வாண்டோவில் சேர்த்து, ஒன்பது வயதில் ஒரு போட்டிக்காக எடையைக் குறைக்கச் சொல்லி இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திய தகப்பன் நான். ஆகவே கீழே சொல்பவற்றில் பாதி, நான் செய்யத் தவறியவை.

முதலில், கலையைக் கற்பதையும் சண்டை போடுவதையும் மனத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். கயிறு தாண்டுதல், பையைக் குத்துதல், மாஸ்டர் பிடிக்கும் பேடில் உதைத்தல், எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசைகளான கராத்தேயின் கட்டா, டேக்வாண்டோவின் பூம்சே ஆகிய எல்லாம் கலையைக் கற்பதில் அடங்கும். எதிரில் ஒரு பிள்ளையை நிறுத்தி ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, விடுவது வேறு. டேக்வாண்டோ போட்டியில் உடற்பகுதியில் படும் நேர் உதைக்கு 2 புள்ளிகள், தலையில் படும் உதைக்கு 3 புள்ளிகள். வெல்வதற்காகப் பழக்கப்படும் பிள்ளை தலையைத்தான் தேடும். எதிரில் நிற்கும் பிள்ளையும் அதையேதான் தேடும். அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டும் 2011இல் கூட்டாக வெளியிட்ட நிலைப்பாட்டில், சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் குத்துச்சண்டையில் இறங்குவதை எதிர்த்ததற்குக் காரணமும், தலையை அடிப்பது அந்த விளையாட்டில் விபத்தாக அல்லாமல் நோக்கமாகவே இருப்பதுதான். ஹெட்கார்டு போட்டிருக்கிறாளே என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஹெட்கார்டு தோல் கிழிவதையும் வீக்கத்தையும் குறைக்கும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை அது தடுத்துவிடாது.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க, பணம் கட்டும் முன் மூன்று மாலைகள் அங்கே போய் ஓரமாக உட்காருங்கள். முதல் நாளில் எல்லா மாஸ்டரும் நல்லவராகத் தெரிவார். மூன்றாம் நாளில்தான் வகுப்பின் உண்மையான குணம் வெளிப்படும். ஸ்பாரிங்குக்கு ஜோடி சேர்க்கும்போது எடையும் வயதும் பழகிய காலமும் பார்க்கப்படுகின்றனவா, ஒரு பிள்ளை அழுதால் என்ன நடக்கிறது, தாமதமாக வந்த பிள்ளைக்குத் தண்டனை உண்டா என்று கவனியுங்கள். தலையில் படும் ஸ்பாரிங்கை எந்த வயதில் தொடங்குவீர்கள் என்று மாஸ்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எரிச்சல்படுபவரும், 'இப்பவே அடி வாங்கினால்தான் பயம் போகும்' என்று சிரிப்பவரும் உங்களுக்குப் பதிலைச் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் உள்ளே உட்காரக் கூடாது என்று கதவைச் சாத்தும் வகுப்பை, எத்தனை பதக்கங்கள் சுவரில் தொங்கினாலும், விட்டுவிடுங்கள். பிள்ளையை யாரேனும் தவறாகத் தொட்டாலோ, துன்புறுத்தினாலோ எந்த நேரமும் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

நேரக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மாஸ்டரிடம் விடாதீர்கள். பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரப் பயிற்சி போகக் கூடாது, வாரத்தில் ஓரிரு நாள்களும் ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களும் அந்த விளையாட்டிலிருந்து முழு ஓய்வு வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் அளவுகோல். காலை ஐந்தரைக்கு ஒன்றரை மணி நேரம், மாலை டியூஷனுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள் என்று போனால் பதினைந்து மணி நேரம் ஆகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது மிக அதிகம். நம் ஊரில் இன்னொரு விந்தை உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை விட்டதும் சம்மர் கேம்ப் என்று பயிற்சியை இரட்டிப்பாக்குகிறார்கள். கத்திரி வெயில் கொளுத்தும் அந்த இரண்டு மாதங்களையே ஓய்வுக் காலமாக வைத்துக்கொண்டு, பிள்ளையை நீச்சலுக்கோ தாத்தா பாட்டி ஊருக்கோ அனுப்பலாம். வளரும் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையானவை. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு குதிக்கும் பிள்ளை குதிகாலிலோ முழங்காலுக்குக் கீழேயோ வலிக்கிறது என்று ஓரிரு வாரங்களாகச் சொன்னால், தைலம் தேய்த்து அனுப்பாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடையைப் பற்றி ஒரே விதிதான்: வளரும் பிள்ளையின் எடையைப் போட்டிக்காகக் குறைக்கக் கூடாது. தண்ணீரைக் குறைப்பது, மழைக்கோட்டு போட்டு ஓடவிடுவது, சாப்பாட்டை நிறுத்துவது எதுவும் கூடாது. மேல் எடைப் பிரிவில் நிற்கட்டும், தோற்றாலும் தோற்கட்டும்.

தலையில் அடிபட்டால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் களத்தில் யோசிக்க நேரம் இருக்காது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது தவறான நம்பிக்கை. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கண் கூசுதல், திகைத்த பார்வை, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குப் பிள்ளை மீண்டும் களமிறங்கக் கூடாது. நம் போட்டிகளில் முகத்தில் தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கொடுத்து, 'ஒன்றும் இல்லை, போ' என்று தட்டிக்கொடுப்பது வழக்கம். அந்த நேரத்தில் மாஸ்டரோடு சண்டைக்கு நிற்பது உங்கள் பொறுப்பு. மறுபடி மறுபடி வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி இருந்தால் உடனே அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள். எழும்பூரில் அரசுக் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. மற்றபடி முதல் ஒன்றிரண்டு நாள்கள் ஓய்வு, கைப்பேசி குறைவு, பிறகு பள்ளி, அதன் பிறகே மெல்ல உடற்பயிற்சி; ஸ்பாரிங், மருத்துவர் சொன்ன பிறகுதான்.

சான்றிதழ் ஆசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பெரும்பாலான பெற்றோரை இழுப்பது அதுதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் பொறியியலோ மருத்துவமோ கிடைக்கும் என்ற கணக்கில் ஒன்பது வயதில் பதக்கம் சேர்ப்பவர்கள், அந்த ஒதுக்கீடு சேர்க்கைக்கு முந்தைய சில ஆண்டுகளில், அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் பெற்ற வெற்றிகளையே கணக்கில் எடுக்கிறது என்பதை யோசிப்பதில்லை. மூன்று பேர் மட்டுமே நின்ற பிரிவில் வாங்கிய மூன்றாம் பரிசும், ஏதோ ஒரு சாதனைப் புத்தகத்தார் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் 'உலக சாதனை'யும் வரவேற்பறைச் சுவரைத்தான் நிரப்பும்.

கடைசியாக, பிள்ளையைக் கேளுங்கள். தோற்ற அன்று வண்டியில் திரும்பும்போது கேட்காதீர்கள். அப்போது ஆட்டத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். போட்டி எதுவும் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, 'நிறுத்தினால் எனக்கு வருத்தமில்லை' என்று முதலில் நீங்கள் சொல்லிவிட்டுக் கேளுங்கள். வகுப்பு நாளில் மட்டும் வயிறு வலிக்கும் பிள்ளை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. என் மகளை நான் அப்படிக் கேட்ட அன்று, 'உதைக்கப் பிடிக்கும்பா, இன்னொருத்தரை உதைக்கத்தான் பிடிக்கல' என்றாள். மாஸ்டரிடம் இதைப் பிள்ளையைச் சொல்லவைக்காமல் நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். கட்டிய பணம் போனால் போகட்டும். இப்போது அவள் வாரத்தில் மூன்று நாள் பூம்சே மட்டும் பழகுகிறாள். ஹெட்கார்டும் கால் காப்புகளும் பரண்மேல் இருக்கின்றன. அவளே கேட்டால் இறக்கித் தருவேன்.