பாப்பதோபுலோஸ் யார் வீட்டுப் பிள்ளை? கிரேக்கக் குடும்பப் பெயரைப் படிக்கும் முறை

கிரேக்க முதலாளிகளின் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவன் நான். புதிய கப்பலில் ஏறியதும் க்ரூ லிஸ்ட்டை வாங்கிப் பெயர்களைத்தான் முதலில் படிப்பேன். கிரேக்கரின் குடும்பப் பெயர் பல நேரங்களில் அவருடைய ஊர்ப்பக்கத்தையும் முன்னோரின் தொழிலையும் சேர்த்தே சொல்லிவிடும். கிரேக்கக் கிராமங்களில் முகம் தெரியாத பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் "தீனோஸ் ஈசே?" என்று கேட்பார்கள். யார் வீட்டுப் பிள்ளை நீ என்று அர்த்தம். குடும்பப் பெயர் என்பது அந்தக் கேள்விக்குப் பரம்பரையாகச் சொல்லிவரும் பதில். கிரேக்கர்களோடு வேலை செய்பவர்களுக்கும், அவர்கள் பெயரைத் தமிழில் எழுதவேண்டியவர்களுக்கும், ஒரு குடும்பத்தின் வேரைத் தேடுபவர்களுக்கும் அந்தப் பதிலைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கிரீஸில் எல்லாவற்றையும்விடப் பரவலான குடும்பப் பெயர் பாப்பதோபுலோஸ். அதை வைத்தே தொடங்குவோம்.

பின்னாலிருந்து படியுங்கள்

கிரேக்கப் பெயரின் விகுதிதான் ஊரைக் காட்டும். 'ஓபுலோஸ்' என்று முடிந்தால் இன்னாருடைய பிள்ளை என்று பொருள். பெலோப்பொனீஸ் தீபகற்பத்தில் இது மிகுதி. 'ஆக்கிஸ்' என்று முடிந்தால் கிரீட் தீவை நினையுங்கள். பிரதமர் கிரியாக்கோஸ் மிட்சோட்டாக்கிஸின் குடும்பம் அந்தத் தீவின் ஹன்யாவைச் சேர்ந்தது. 'ஆத்தோஸ்' என்றால் கெஃபலோனியாத் தீவு. சான்டொரினி தீவின் அக்ரொதீரியில் 1967-ல் அகழாய்வைத் தொடங்கி, 1974-ல் அதே இடத்தில் உயிர்விட்ட ஸ்பிரிதோன் மரினாத்தோஸ் கெஃபலோனியாவின் லிக்ஸூரியில் பிறந்தவர். பெலோப்பொனீஸின் தெற்கு முனையில் இருக்கும் மானிப் பகுதியை விகுதியை வைத்தே இரண்டாகப் பிரிக்கலாம்: மெசினியா பக்கம் 'ஏயாஸ்', லக்கோனியா பக்கம் 'ஆக்கோஸ்'. 'எல்லிஸ்' லெஸ்வோஸ் தீவுக்கு உரியது. 1979-ல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் எலிட்டிஸின் உண்மையான குடும்பப் பெயர் அலெப்புதெல்லிஸ். அவர் பிறந்தது கிரீட்டில். ஆனால் குடும்பம் லெஸ்வோஸ் என்பதைப் பெயர் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

'இதிஸ்', 'ஆதிஸ்' என்ற விகுதிகளைக் கண்டால் கடல் தாண்டிக் கிழக்கே பாருங்கள். கருங்கடல் கரையான பொந்தோஸ், சின்ன ஆசியா (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) ஆகிய இடங்களிலிருந்து வந்த குடும்பங்களில் இவை அதிகம். 'ஓக்லு' துருக்கிச் சொல். மகன் என்று பொருள். 1923-ன் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தை ஒட்டி 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் துருக்கியை விட்டுக் கிரீஸுக்கு வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்களில் பலர் 'ஓக்லு'வைக் கழற்றிவிட்டு 'இதிஸ்' என்றோ 'ஓபுலோஸ்' என்றோ மாற்றிக்கொண்டார்கள். ஆகவே தெஸலோனிக்கிக்காரர் ஒருவர் பெயர் 'இதிஸ்' என்று முடிந்தால், அவருடைய கொள்ளுத்தாத்தா எந்த ஊரை விட்டு வந்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். அக்கறையோடு கேட்டால் அதைவிட நல்ல உரையாடலை மெஸ் ரூமில் தொடங்க முடியாது.

'ட்ஸிஸ்' என்று முடிவது தொழில்பெயர், அதுவும் துருக்கி வழி வந்ததுதான். எனக்கு மிகப் பிடித்த உதாரணம் எழுத்தாளர் கசன்ட்ஸாக்கிஸ். 'கசன்' என்றால் கொப்பரை. 'கசன்ட்ஸிஸ்' கொப்பரை செய்பவர். அதன்மேல் கிரீட்டின் 'ஆக்கிஸ்'. எஞ்சின் அறையில் கிரேக்கர்கள் பாய்லரைக் 'கசானி' என்றே கூப்பிடுவார்கள் என்பதால், அந்த எழுத்தாளரின் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஆள் என்றே தோன்றும்.

இப்போது எச்சரிக்கை. விகுதி காட்டுவது குடும்பத்தின் பழைய இடத்தை. பிறந்த ஊரை அல்ல. இசையமைப்பாளர் மீக்கிஸ் தியோதொராக்கிஸ் 1925-ல் பிறந்தது ஹியோஸ் தீவில். தகப்பன் வழி கிரீட். எல் கிரெக்கோ என்று உலகம் அழைக்கும் ஓவியர் 1541-ல் கிரீட்டில் பிறந்தவர், பெயரோ தெயோதொக்கோபுலோஸ். கிரீட்டின் மிகப் பெரிய அரசியல் தலைவரான வெனிசெலோஸின் பெயரில் 'ஆக்கிஸ்' இல்லவே இல்லை. ஆக, விகுதியைப் பார்த்து ஊகம் செய்யலாம். ஆளைக் கேட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

பிறகு முன்னால் பாருங்கள்

'பாப்பா' என்று தொடங்கினால் வம்சத்தில் ஒரு பாதிரியார் இருக்கிறார். இதில் வெட்கப்படவோ கிசுகிசுக்கவோ எதுவும் கிடையாது. ஆர்த்தடாக்ஸ் சபையில் குருப்பட்டத்துக்கு முன்பே மணம் முடித்தவர் மனைவி மக்களோடு பங்குப் பாதிரியாராக வாழலாம். ஆயர்களைத்தான் மணமாகாதவர்களிலிருந்து தேர்ந்தெடுப்பார்கள். கிராமத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர், எல்லாருக்கும் தெரிந்தவர் பாதிரியார். அவர் பிள்ளைகளை ஊர் எப்படி அடையாளம் சொல்லும்? பாதிரியார் மகன் என்றுதான். பாப்பதோபுலோஸ் என்பதன் பொருளும் அதுவே.

சில பெயர்களில் அந்தப் பாதிரியாரின் பெயரே ஒளிந்திருக்கும். மூன்று தலைமுறையாகப் பிரதமர்களைத் தந்த பாப்பாந்த்ரேயு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பிரதமரான யோர்கோஸ் பாப்பாந்த்ரேயு 1888-ல் அகாயா மாவட்டத்தின் கலென்ட்ஸி கிராமத்தில் பிறந்தார். அவருடைய அப்பா பாதிரியார் ஆந்த்ரேயாஸ் ஸ்டவ்ரோபுலோஸ். பாதிரி ஆந்த்ரேயாஸின் மகன் என்பதே பாப்பாந்த்ரேயு ஆனது, ஸ்டவ்ரோபுலோஸ் உதிர்ந்துபோனது. ஸ்கியாதோஸ் தீவின் எழுத்தாளர் பாப்பாதியமாந்திஸின் அப்பாவும் பாதிரியார்தான், பெயர் அதமான்தியோஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் குடும்பப் பெயர் எவ்வளவு இளக்கமாக இருந்தது என்பதற்கு இந்த இரண்டு பேரும் சாட்சி. வம்சாவளி தேடுபவர்கள் இதை மறக்கவே கூடாது: தாத்தாவின் தாத்தாவுக்கு வேறு குடும்பப் பெயர் இருந்திருக்கலாம்.

மற்ற முன்னொட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஹாட்ஸி' என்றால் புனித பூமிக்கு யாத்திரை போய்வந்தவர். 'கரா' துருக்கியில் கறுப்பு, 'மாவ்ரோ' கிரேக்கத்தில் கறுப்பு. 1831-ல் நாஃப்ப்ளியோ நகரில் நாட்டின் முதல் ஆளுநர் கப்பொதீஸ்திரியாஸைக் கொன்ற இருவரும் மானிப் பகுதியின் மாவ்ரோமிஹாலிஸ் குடும்பத்தார்.

ஒரே பெயர், ஒரே குடும்பம் அல்ல

ஒரே குடும்பப் பெயர் இருந்தால் உறவினர் என்று நினைத்துவிட வேண்டாம். பெயர் தெரிந்த நாலு பாப்பதோபுலோஸ்களைப் பாருங்கள். 1967 ஏப்ரல் 21 அன்று ஆட்சியைப் பிடித்து 1973 வரை சர்வாதிகாரியாக இருந்த கர்னல் யோர்கோஸ் பாப்பதோபுலோஸ் அகாயாவில் பிறந்தவர். 1923 முதல் 1938 வரை ஏதென்ஸ் பேராயராக இருந்து, சபையைப் புதிய நாட்காட்டிக்கு மாற்றிய கிரிசோஸ்தொமோஸ் பாப்பதோபுலோஸ் கிழக்குத் திரேசில் பிறந்தவர். 1972 முதல் 1991 வரை கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) முதுபெரும் தந்தையாக இருந்த முதலாம் திமித்ரியோஸ் அந்த நகரத்துக்காரர். துறவுக்கு முந்தைய குடும்பப் பெயர் இதுவே. 2003 முதல் 2008 வரை சைப்ரஸ் அதிபராக இருந்த தாசோஸ் பாப்பதோபுலோஸ் நிக்கோசியாவில் பிறந்தார். எங்கெல்லாம் பாதிரியாரும் அவருக்குப் பிள்ளையும் இருந்தார்களோ அங்கெல்லாம் இந்தப் பெயர் தனித்தனியாக முளைத்தது.

அதனால் பெயர் ஒன்றாக இருப்பவர்களைப் பிரித்தறிய அப்பா பெயரைக் கேளுங்கள். கிரேக்க ஆவணங்களில் அது கட்டாயம் இருக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருப்பதால் அதுவும் துப்புத் தரும். பாப்பாந்த்ரேயு பிரதமர்கள் மூவர்: யோர்கோஸ், மகன் ஆந்த்ரேயாஸ், பேரன் யோர்கோஸ். முதல் யோர்கோஸின் அப்பா பாதிரி ஆந்த்ரேயாஸ். நாலு தலைமுறை, இரண்டே பெயர்.

அவளுக்கு எப்படி, கூப்பிடும்போது எப்படி

பெண்ணின் குடும்பப் பெயர் ஆணின் பெயரின் வேற்றுமை வடிவம், 'இன்னாருடைய' என்று பொருள் தருவது. பாப்பதோபுலோஸின் மகள் பாப்பதோபூலு. அழுத்தம் 'தோ'விலிருந்து 'பூ'வுக்கு நகர்ந்துவிடும். மிட்சோட்டாக்கிஸின் மகள் மிட்சோட்டாக்கி. 2020-ல் கிரீஸின் முதல் பெண் குடியரசுத் தலைவரானவர் சக்கெல்லரோபூலு. அவரை 'சக்கெல்லரோபுலோஸ்' என்று எழுதினால் ஆளே மாறிவிடும். பாப்பாந்த்ரேயு போல ஏற்கெனவே வேற்றுமையில் நிற்கும் பெயர்கள் மட்டும் இருபாலருக்கும் ஒன்றே. சைப்ரஸில் இந்த 'உ' முடிவு மிக அதிகம்: யோர்கியு, இயோன்னு, பனயோத்து. பாடகர் ஜார்ஜ் மைக்கேலின் உண்மையான குடும்பப் பெயர் பனயோத்து, அப்பா சைப்ரஸ்காரர். கிரீஸின் கடைகளில் பாப்பதோபூலு என்று எழுதிய பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தால் அது பெண் பெயர் என்று கொள்ளாதீர்கள். பாப்பதோபுலோஸின் பிஸ்கட் என்பதே பொருள்.

1983-ன் குடும்பச் சட்டத்துக்குப் பிறகு கிரேக்கப் பெண்கள் கல்யாணமான பின்னும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருக்கிறார்கள். ஆகவே கிரேக்க சக ஊழியரின் மனைவிக்குக் கடிதம் எழுதும் முன் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணவர் பெயரை ஒட்டிவிடாதீர்கள். அதற்கு முன் மணமானவர்களிடம் பழைய வழக்கத்தைக் காணலாம்: முன்னாள் வெளியுறவு அமைச்சர் தோரா பக்கோயானி பிறப்பால் மிட்சோட்டாக்கி, இப்போதைய பிரதமரின் அக்கா.

நேரில் அழைக்கும்போது ஆணின் பெயரில் கடைசி 'ஸ்' விழுந்துவிடும்: கீரியே மிட்சோட்டாக்கி. 'ஓபுலோஸ்' என்றால் 'ஓபுலே' ஆகும்: கீரியே பாப்பதோபுலே. பெண்ணுக்கு கிரீயா பாப்பதோபூலு, மாற்றமில்லை. கப்பலில் குடும்பப் பெயரே வராது. கேப்டனை 'கப்பெத்தான் யானி' என்று முதல் பெயரோடுதான் அழைப்பார்கள். இந்த ஒரு 'ஸ்'ஸைச் சரியாக விட்டால் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதை உடனே பார்க்கலாம்.

தமிழில் எழுதும்போது

ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதுவதால்தான் 'பௌலஸ்' போன்ற வடிவங்கள் வருகின்றன. ஓ, யூ என்ற இரட்டை எழுத்துக்குக் கிரேக்கத்தில் 'உ' ஒலி மட்டுமே; 'ஔ' அல்ல. கிரேக்க 'தெல்தா'வை 'ட' ஆக்க வேண்டாம். 'பாதை' என்று சொல்லும்போது நம் 'த' எப்படி ஒலிக்கிறதோ அதேதான் அந்த எழுத்து. ஆங்கிலத்தைவிடத் தமிழ் இங்கே கிரேக்கத்துக்கு நெருக்கம். கடவுச்சீட்டில் சி, எச் என்று தொடங்கும் பெயரை 'ச'வில் வாசிக்காதீர்கள், அது 'ஹ'. ஹாட்ஸி என்ற முன்னொட்டு அங்கே அப்படித்தான் இருக்கும்.

கடவுச்சீட்டில் எழுத்து மாற்றத்துக்கு எலோத் 743 என்ற தரநிலை உண்டு. அதன் வேலையைப் பார்க்க கூடைப்பந்து வீரர் யானிஸ் அந்தெத்தொகூன்போ போதும். பெற்றோர் நைஜீரியர்கள், குடும்பப் பெயர் யொரூபா மொழியின் அடெட்டோகுன்போ. அதில் 'அடெ'வில் வரும் 'ட' ஒலிக்குக் கிரேக்கத்தில் 'நி', 'தவ்' என்று இரண்டெழுத்தும், கடைசி 'போ'வில் வரும் 'ப' ஒலிக்கு 'மி', 'பி' என்று இரண்டெழுத்தும் தேவை. 2013-ல் குடியுரிமை கிடைத்தபோது அதை எழுத்துக்கு எழுத்து மாற்றியதால் என், டி, எம், பி எல்லாம் பெயருக்குள் புகுந்துகொண்டன.

வேரைத் தேடுகிறவர்களுக்கு

அமெரிக்காவில் சுருங்கிய பெயரை முதலில் விரித்துக்கொள்ளுங்கள். 1923-ல் நியூயார்க்கில் பிறந்த ஆபெராப் பாடகி மரியா காலஸின் குடும்பத்துப் பழைய பெயர் கலொயெரோபுலோஸ். 1969-ல் அமெரிக்கத் துணை அதிபரான ஸ்பைரோ அக்னியூவின் அப்பா அனக்னொஸ்தோபுலோஸ். ஜெனிஃபர் அனிஸ்டனின் அப்பா கிரீட்டில் பிறந்த அனஸ்தசாக்கிஸ். இப்படிப் பெயர்களை வெட்டியது, நியூயார்க்கில் வந்திறங்கிய குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவின் அதிகாரிகள் என்ற கதையை நம்ப வேண்டாம். பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. பெயரைச் சுருக்கியது பிறகு அங்கே குடியேறிய குடும்பங்களே. எனவே பயணிகள் பட்டியலில் நீளமான பழைய பெயரைத் தேடுங்கள். 'பாப்பாஸ்' என்று சுருங்கியவருக்கு 'பாப்பா'வில் தொடங்கும் எந்தப் பெயரும் மூலமாக இருக்கலாம்.

கிரீஸில் ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு நகராட்சியின் குடும்பப் பதிவேட்டில் இருக்கும். அதன் பெயர் திமொத்தொலோகியோ. அதற்குத் துணை, பிறந்த ஆண்டு வாரியாக ஆண்களை எழுதிய பதிவேடு. ராணுவத்துக்கு ஆளெடுக்க வைத்தது. பழைய தாள்கள் 1914-ல் நிறுவப்பட்ட பொது அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன, மாவட்டந்தோறும் கிளை உண்டு. எந்த ஆண்டிலிருந்து கிரேக்க அரசின் பதிவு கிடைக்கும் என்பதை அந்தப் பகுதி நாட்டோடு சேர்ந்த ஆண்டு முடிவு செய்யும்: அயோனியன் தீவுகள் 1864, தெஸலி 1881, கிரீட் 1913, தொதிகனீஸ் தீவுகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின். வெனிஸ் ஆண்ட அயோனியன் தீவுகளில் தேவாலயப் பதிவுகள் இன்னும் பழையவை. சின்ன ஆசியாக் குடும்பம் என்றால் ஏதென்ஸில் 1930-ல் தொடங்கிய சின்ன ஆசியா ஆய்வு மையத்தை நாடுங்கள். அகதிகள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே சொன்னவற்றை அது ஆயிரக்கணக்கில் எழுதிவைத்திருக்கிறது.

நகராட்சிக்கு எழுதும்போது பெயரோடு அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த ஆண்டு, கிராமம் எல்லாவற்றையும் கொடுங்கள். வெறும் பாப்பதோபுலோஸ் என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது. கிராமப் பெயரை எழுதும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். இருபதாம் நூற்றாண்டில் துருக்கிய, ஸ்லாவிய, அல்பேனியப் பெயர்கள் கொண்ட ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குக் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. பாட்டனின் தாளில் இருக்கும் ஊர் வரைபடத்தில் இல்லையென்றால் புதிய பெயரைக் கண்டுபிடித்து, கடிதத்தில் இரண்டையும் எழுதுங்கள்.