எஸ்.இ.சி. சாம்பியன்ஷிப்பை முதல்முறை நேரில் பார்ப்பது எப்படி: மூன்றாவது டவுனைப் பிடித்துக்கொள்ளுங்கள்

அட்லாண்டா பக்கம் குடிவந்து ஒன்றிரண்டு வருடம் ஆன நம்மவர்கள் பலர் நவம்பர் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆபீஸில் எல்லோரும் அந்த மேட்சைப் பற்றியே பேசுகிறார்கள், டிக்கெட்டும் கிடைக்கும்போல இருக்கிறது, ஆனால் ஆட்டம் ஒன்றுமே புரியாது, போகலாமா? தாராளமாகப் போங்கள். கல்லூரி ஃபுட்பாலை, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலை, முதல்முறை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல மேட்ச் எனக்குத் தெரிந்து கிடையாது.

என்ன மேட்ச் இது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எஸ்.இ.சி. (சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்) என்பது அமெரிக்காவின் தெற்கு மாநிலப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடும் ஒரு கூட்டமைப்பு. ஜார்ஜியா, அலபாமா, புளோரிடா, டென்னசி, 2024இல் வந்து சேர்ந்த டெக்சாஸ், ஓக்லஹோமா என்று இப்போது 16 அணிகள். 1992இல் அணிகள் 12 ஆனதும், இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதலில் வந்தவர்களை மோதவிட்டார்கள். பர்மிங்ஹாமில் நடந்த அந்த முதல் இறுதி ஆட்டத்தில் அலபாமா 28-21 என்று புளோரிடாவை வென்றது. 1994 முதல் எல்லாமே அட்லாண்டாவில்தான், 2017இலிருந்து மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்தில். 2024 முதல் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள், மொத்தப் பட்டியலில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் ஆடுகிறார்கள். ஜெயித்தால் கோப்பையும், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் இடமும். தோற்றால் எல்லாம் போய்விடும் என்றும் இல்லை, 2025இல் ஜார்ஜியாவிடம் 28-7 என்று அடிவாங்கிய அலபாமா அப்படியும் பிளேஆஃபுக்குப் போனது.

டிக்கெட் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டம் டிசம்பர் முதல் சனிக்கிழமை, ஆனால் யார் ஆடப்போகிறார்கள் என்பது பெரும்பாலும் தேங்க்ஸ்கிவிங் வாரக் கடைசியில்தான் உறுதியாகும். அதனால் மறுவிற்பனை விலை அந்த ஒரு வாரத்தில் தாறுமாறாக ஏறி இறங்கும். ஜார்ஜியா வந்துவிட்டால் ஊர்க்காரர்கள் எல்லோரும் வாங்குவார்கள், குறையும் என்று காத்திருப்பது வீண். தூரத்து அணிகள் இரண்டு வந்தால் வெள்ளிக்கிழமை வரை பொறுத்துப் பாருங்கள். இடம் மேல் அடுக்கில் கிடைத்தால் வருத்தப்படவே வேண்டாம், கீழே வரிசைகளில் உட்கார்ந்தால் ஆட்கள் பெரிதாகத் தெரிவார்கள், ஆட்டம் தெரியாது. மேலிருந்து பார்த்தால்தான் யார் எங்கே ஓடுகிறார், எங்கே இடைவெளி விழுகிறது என்பது புரியும்.

சரி, ஆட்டம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, அதைத்தான் டவுன் என்கிறார்கள். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு. முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் நான்காவது டவுனில் பெரும்பாலும் ரிஸ்க் எடுக்காமல் பந்தைத் தூரமாக உதைத்துவிடுவார்கள், அல்லது கோல் கம்பம் கிட்டத்தில் இருந்தால் ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து, 3 புள்ளி வாங்கிக்கொள்வார்கள். பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்கு 6, அதற்குப் பின் உதைத்து இன்னொன்று. ஆக, உண்மையான மோதல் மூன்றாவது டவுனில்தான் இருக்கிறது. கபடியில் இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பிய பின் மூன்றாவது டூ ஆர் டை ஆகுமே, கிட்டத்தட்ட அந்த நிலைமை. முதல் நாளே எல்லா விதியையும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள், மூன்றாவது டவுனில் எத்தனை யார்டு பாக்கி என்பதை மட்டும் ஸ்கோர்போர்டில் பாருங்கள். போதும்.

இந்த மேட்சை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணமும் அதில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சொந்த மைதானத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே கட்சி. இங்கே எழுபதாயிரம் பேருக்கு மேல் இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருப்பார்கள். எதிரணி பந்து வைத்திருக்கும்போது ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள், குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) சொல்வது அவர் ஆட்களுக்கே கேட்கக்கூடாது என்பதற்காக. தங்கள் அணியிடம் பந்து இருந்தால் கப்சிப். மூன்றாவது டவுன் வந்ததும் ஸ்டேடியத்தின் ஒரு பாதி அதிரும், மறுபாதி மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும், அடுத்த ஐந்து வினாடியில் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்தே என்ன நடந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எனக்கு ஆட்டம் புரிய ஆரம்பித்தது அப்படித்தான், எந்த வீடியோவும் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒரு பக்கத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டுப் போங்கள். பொதுவாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் மூன்றரை மணி நேரம் நீளமாகத் தெரியும். ஜார்ஜியா, அலபாமா இரண்டுக்கும் சிவப்புச் சாயல்தான், கடையில் சட்டை வாங்கும்போது கவனம். சந்தேகமாக இருந்தால் சாம்பல் நிறம் போட்டுக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம். முதல் தடவை நான் காரில் போய் டவுன்டவுனில் மாட்டிக்கொண்டேன், உள்ளே நுழைந்தபோது முதல் கால்பகுதி முடிந்திருந்தது. மார்ட்டா ரயில்தான் சரி. வடக்குப் புறநகரில் இருப்பவர்கள் ரெட் அல்லது கோல்டு லைனில் ஃபைவ் பாயின்ட்ஸ் வந்து, மேற்கே போகும் ரயிலுக்கு மாறி, வைன் சிட்டியில் இறங்கி நடக்கலாம். திரும்பும் பயணத்துக்கும் முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். பை கொண்டுபோனால் உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையாக இருக்கட்டும், கையடக்கமான சின்னப் பர்ஸைத் தவிர வேறு பைகளை வாசலில் நிறுத்திவிடுவார்கள். உள்ளே நோட்டு செல்லாது, கார்டு வேண்டும். கூரை மூடியிருந்தால் உள்ளே குளிராது, ஆனால் வெளியே வரிசையில் நிற்க ஜாக்கெட் வேண்டும். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போங்கள், பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழுக்களைப் பார்க்காவிட்டால் பாதி மேட்சை விட்ட மாதிரி.

இடைவேளையில் உடனே சாப்பிட ஓடாதீர்கள். மாணவர்கள் இரண்டு பேர் ஒரு பெரிய டப்பாவின் ஓட்டைக்குள் 30 வினாடியில் எத்தனை பந்து எறிய முடியுமோ எறிவார்கள், ஜெயிப்பவருக்கு 1,00,000 டாலர் கல்விக் கட்டணம். மொத்தக் கூட்டமும் எண்ணும்.

நேரத்தைப் பற்றி ஒன்று. கடைசி நிமிடங்களில் பந்தை எங்கே பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். எறிந்த பந்தை (பாஸ்) யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும், மைதானத்துக்குள்ளேயே பிடித்து விழுந்தால் ஓடிக்கொண்டிருக்கும். 2012இல் 32-28 என்று பின்தங்கியிருந்த ஜார்ஜியா கடைசி வினாடிகளில் அலபாமாவின் கோல் கோட்டுக்கு அருகே வந்துவிட்டது, கடிகாரத்தை நிறுத்தக் கையில் டைம்அவுட் இல்லை. எறிந்த பந்து யாரோ தட்டித் திசைமாறி, கோட்டிலிருந்து 5 யார்டு தூரத்தில் ஜார்ஜியா வீரர் ஒருவர் கைக்கே வந்தது. அவரும் பிடித்துவிட்டார், பிடித்ததுதான் வினை, கடிகாரம் ஓடி நேரம் முடிந்துவிட்டது. விட்டிருந்தால் இன்னொரு முயற்சி இருந்திருக்கும்.

எனவே பாதியில் எழுந்து போகாதீர்கள், முக்கியமாக குவார்ட்டர்பேக் காயப்பட்டு வெளியேறும்போது. 2018இல் மாற்று ஆளாக வந்த ஜேலன் ஹர்ட்ஸ் கடைசிப் பகுதியில் ஆட்டத்தைத் திருப்பி அலபாமாவை 35-28 என்று ஜெயிக்க வைத்தார். 2024இல் ஜார்ஜியாவுக்கு கன்னர் ஸ்டாக்டன் அப்படி வந்தார், ஓவர்டைம் போய் டெக்சாஸை 22-19 என்று வென்றார்கள்.

முடிந்ததும் தோற்ற பாதி சட்டென்று காலியாகும், ரயில் நிலையத்தில் வரிசை தெரு வரைக்கும் நிற்கும். நீங்கள் அவசரப்படாமல் உட்கார்ந்திருங்கள். கோப்பை கொடுப்பார்கள், பேண்டு வாசிக்கும், அந்தப் பையன்களின் அப்பா அம்மாக்களை ஜெயித்த பக்கத்தின் முன்வரிசைகளில் பார்க்கலாம். அரைமணி நேரம் கழித்துக் கிளம்பினால் ரயிலில் உட்கார இடம் கிடைக்க வாய்ப்புண்டு.