குக்குறுவான் பார்க்க வேண்டுமா? சத்தத்தின் பின்னால் ஓடாதீர்கள்

சேலம் சிவதாபுரத்தில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. மாசி பிறந்தால் சுத்தியல் சத்தத்தோடு வெளியே மரத்திலிருந்தும் 'டொக்... டொக்... டொக்' என்று ஒன்று சேர்ந்துகொள்ளும். "யார்றா அவன், நம்மள விட விடாம அடிக்கறான்?" என்பார் அப்பா. அடிப்பவன் செம்மார்புக் குக்குறுவான் என்கிற பறவை. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, தொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் மஞ்சள். குஞ்சாக இருந்தால் அந்தச் சிவப்பு இருக்காது.

சத்தத்தை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். கத்தும்போதே தலையை இப்படியும் அப்படியும் திருப்பும்; சத்தம் ஒருமுறை இந்தக் கிளை, ஒருமுறை அந்தக் கிளை. முதல் வருஷம் ஓர் அரசமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அண்ணாந்து பார்ப்பதை விட்டுத் தரையைப் பாருங்கள். ஆல், அரசு, அத்தி, இச்சி, எதுவானாலும் சரி, அடியில் பழம் நசுங்கிச் செருப்பில் ஒட்டினால் அதுதான் மரம். ஆலும் இச்சியும் ஊரெல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. அதனால் போன மாசம் பார்த்த மரத்தையே கட்டிக்கொண்டு அழக் கூடாது. மைனாவும் குயிலும் போடும் கூச்சலே பாதி வழி காட்டிவிடும். வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்து பத்து நிமிஷம் அசையாமல் இருங்கள். இலையோடு இலையாக இருந்த பச்சை ஒன்று எட்டிப் பழத்தைப் பிய்த்து முழுசாக விழுங்கும். விடிகாலை என்றால் இன்னும் சுலபம்: இலை உதிர்ந்த உச்சிக் கொம்பில் வெயில் காயும். கத்துகிறபோது தொண்டையைக் கவனியுங்கள். அலகு மூடியே இருக்கும். ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டைத்தோல் உப்பி அடங்கும்.

வீட்டில் காய்ந்த முருங்கைக் கிளை இருந்தால் வெட்டும் முன் அடிப்பக்கம் வட்டமாக ஓட்டை இருக்கிறதா பாருங்கள். நான் பார்க்காமல் வெட்டினேன். உள்ளே மூன்று வெள்ளை முட்டை. சாயங்காலம் வரை ஜோடி அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பட்டறையில் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

ஏற்காட்டில் ஆள் வேறு: சின்னக் குக்குறுவான். பெயர்தான் சின்னது, நம்மூர் செம்மார்பனைவிடப் பெரிசு. பழுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளைத் தீற்றல். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சில்வர் ஓக் நிழலில் காப்பி நிற்கும் ஏதாவது ஒரு தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்துங்கள். முதலில் 'ட்ர்ர்ர்' என்று இழுத்து, பிறகு 'குட்ரூ... குட்ரூ...'. ஒன்று ஆரம்பித்தால் எதிர்ச் சரிவிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும், அதற்குப் பின்னால் மூன்றாவது. எத்தனை என்று எண்ண உட்கார்ந்தால் கையில் இருக்கிற டீ ஆறிவிடும்.