வயற்காவலில் வெடியும் துவக்கும்: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரும்போக நெல் கதிர் தள்ளும் காலத்தில் இலங்கையின் வன்னிப் பகுதியிலுள்ள ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாந்தை கிழக்குப் பகுதிகளில் காட்டை ஒட்டிய வயல்களுக்கு இரவுக் காவல் தொடங்கிவிடுகிறது. ஒரு போகத்தின் உழைப்பை யானையும் பன்றியும் ஒரே இரவில் அழித்துவிடும் என்பதை அனுபவித்தவர்களிடம், வெடியையும் துவக்கையும் தொடாதீர்கள் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. எதை, யார், எதற்காகப் பயன்படுத்தலாம் என்ற எல்லையைத் தெரிந்துகொள்வதே அவர்களுக்கு உதவும்.

துவக்குக்கான அனுமதிப்பத்திரத்தைக் குடும்பச் சொத்தாகக் கருதுவது பரவலான தவறு. 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டத்தின்படி அந்த அனுமதி அதைப் பெற்றவருக்கு மட்டுமே உரியது. ஆண்டுதோறும் டிசம்பர் 31 உடன் காலாவதியாகும். தகப்பனார் காலமான பின் அவருடைய துவக்கை எடுத்துக்கொண்டு காவல் பரணுக்குப் போகும் மகன், தன் பெயரில் அனுமதி பெறாதவரை, சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருப்பவராகிறார். அத்தகைய துவக்கை வீட்டில் வைத்திருக்காமல், உடனே பொலிஸ் நிலையத்துக்கோ மாவட்டச் செயலகத்துக்கோ அறிவிக்க வேண்டும்.

உள்ளூரில் செய்யும் இடியனுக்கும் (குழல்வாயில் மருந்திட்டு இடித்துச் சுடும் துவக்கு) கட்டுத்துவக்குக்கும் (கயிறு தட்டுப்பட்டால் தானாகச் சுடும் பொறி) எந்த அனுமதியும் இல்லை. கட்டுத்துவக்கின் கயிற்றில் தட்டுவது பன்றியா, விறகு பொறுக்கவோ தேன் எடுக்கவோ வந்த அயலவரா என்பதை அந்தக் கயிறு அறியாது. இரைக்குள் வைக்கப்படும் வெங்காய வெடி இதைவிடக் கொடியது: பன்றிக்கென வைத்ததை யானைக்கன்று கடித்தால் வாய் சிதைந்து, உண்ண முடியாமல் பல நாட்கள் வதைபட்டுச் சாகும். பயிரைக் காப்பதற்காக இதைச் செய்தோம் என்று எவரும் சொல்லக் கூடாது.

வனஜீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடி, யானையை விரட்டுவதற்கு மட்டுமே உரியது. திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ அதைக் கொளுத்துவது தவறு. திரியைப் பற்றவைத்த பின் கையில் பிடித்துக்கொண்டு தாமதிப்பதால் விரல்களையும் கையையும் இழந்தவர்கள் உண்டு. வெடிக்காமல் போனதை அவிழ்க்கவோ மறுபடி கொளுத்தவோ வேண்டாம். யானை காட்டுக்குத் திரும்பும் பாதையை மறிக்காமல் நின்றே விரட்ட வேண்டும்.

சீனவெடியும் வாணமும் 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டவையாதலால், அவற்றை அனுமதியின்றித் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். கிடுகுக் கூரைக்கும் வைக்கோல் போருக்கும் அருகில் கொளுத்தக் கூடாது. கோயில் வாணவேடிக்கைக்கு முன் பொலிசாருக்கு மட்டுமன்றி அயல் வீடுகளுக்கும் அறிவிப்பது நல்லது. 2009 இன் குண்டுச் சத்தங்களைக் கடந்து வந்தவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள், எதிர்பாராத வெடியோசை அவர்களை உலுக்கிவிடுகிறது.

கைவிடப்பட்ட எறிகணையிலிருந்து மருந்தை எடுத்து மீனுக்கு வெடி செய்வது எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெடி வைத்து மீன் பிடிப்பதை 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டமும் தடை செய்கிறது. காணி துப்புரவாக்கும்போது துருப்பிடித்த இரும்பு எதுவும் தென்பட்டால் அதைத் தொடாமலும், அங்கே குப்பை எரிக்காமலும், வந்த தடத்திலேயே திரும்பி வந்து, பிள்ளைகளை அப்பக்கம் விடாமல் தடுத்துவிட்டு, 119 இற்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள்.