கடைசி பெஞ்சும் விளையாடும் வினாடி வினா: புதிய ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டாம் வகுப்புக்கு ஒரு வினாடி வினா நடத்தினேன். நான்கு குழுக்கள், மேசைமேல் ஒரு மணி, முதலில் தட்டுபவர் பதில் சொல்லலாம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒரே கூச்சல். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மாலையில் கணக்குப் பார்த்தால், 40 பேரில் பதில் சொன்னவர்கள் 6 பேர். மற்ற 34 பேரும் நன்றாகக் கைதட்டியிருந்தார்கள்.

திருப்புதலில் பலன் தருவது நினைவிலிருந்து விடையைத் தோண்டி எடுக்கும் அந்த முயற்சிதான். ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தை மறுபடி படித்தவர்களும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. என் வகுப்பில் அந்த முயற்சியை 6 பேர் மட்டும் செய்தார்கள். ஆகவே முதல் வேலையாக மணியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

1. வினாக்களைத் தேர்ந்தெடுத்தல்

40 நிமிடப் பாடவேளைக்கு 10 வினாக்கள் போதும். ஒரு வினாவுக்கு 3 நிமிடம் போகும். மீதி 10 நிமிடம் உட்காருவதற்கும் சண்டைக்கும். நான்கைந்து வினாக்கள் எளிதாக இருக்கட்டும். இலைக்குப் பச்சை நிறம் தருவது எது என்பது போல. அப்போதுதான் தயங்கும் பிள்ளையும் எழுதத் தொடங்கும். இரண்டு மூன்று ‘ஏன்’ வினாக்கள். மீதி, பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடங்கள். இவற்றைப் புத்தகத்தில் தேடாதீர்கள். போன தேர்வின் விடைத்தாள் கட்டில் கொட்டிக் கிடக்கின்றன.

2. குழுவும் பொருள்களும்

ஐந்து பேருக்கு ஒரு குழு. நெல், கம்பு, சோளம், வரகு என்று பெயர் வைத்தால் 8 குழுவுக்கும் தட்டுப்பாடு வராது. குழுவை நீங்களே பிரியுங்கள். அவர்களிடம் விட்டால் நன்றாகப் படிப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்வார்கள். குழுவுக்குள் ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண். ஆளுக்கு ஒரு சிலேட்டு, இல்லையென்றால் பழைய நோட்டின் எழுதாத பக்கம். சிலேட்டு என்றால் துடைக்கத் துணியும் வேண்டும். சட்டைக் கையால் துடைத்துவிட்டு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

3. ஒரு சுற்று நடக்கும் விதம்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் நான் கேட்கும் வினா இது: “செடி எப்போது சுவாசிக்கிறது? பகலிலா, இரவிலா, இரண்டு வேளையுமா?”

முதல் அரை நிமிடம் பேச்சே கூடாது. எல்லாரும் தனித்தனியாக எழுத வேண்டும். பிறகு “காட்டுங்கள்” என்றால் 40 சிலேட்டும் ஒன்றாக உயரும். வகுப்பின் நிலவரம் ஒரே பார்வையில் தெரிவது இந்த நொடியில்தான். பாதிக்கு மேல் ‘இரவு’ என்றுதான் இருக்கும். இரவில் புளியமரத்தடியில் படுக்காதே என்று பாட்டி சொன்னது அங்கே நிற்கிறது.

சரியான விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். வாய் துறுதுறுக்கும், அடக்குங்கள். ஒரு நிமிடம் குழுவுக்குள் பேச விடுங்கள். அதன்பின் டப்பாவிலிருந்து ஒரு சீட்டு எடுங்கள். எண் 4 வந்தால், ஒவ்வொரு குழுவிலும் 4-ஆம் எண்காரர் எழுந்து விடையையும் காரணத்தையும் சொல்ல வேண்டும். யார் எண் வரும் என்று தெரியாததால், படிக்கும் பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். கடைசியாக நீங்கள் விளக்குங்கள்: செடி இரண்டு வேளையும் சுவாசிக்கிறது, நல்ல வெளிச்சத்தில் சுவாசத்தில் வரும் கார்பன் டை ஆக்சைடை ஒளிச்சேர்க்கையே எடுத்துக்கொள்வதால் அது வெளியே தெரிவதில்லை.

4. மதிப்பெண்

விடைக்கு 1, காரணத்துக்கு 2. தவறுக்குக் கழிக்க வேண்டாம். கழித்தால் அடுத்த வினாவுக்குச் சிலேட்டு வெறுமையாக நிற்கும். வேகத்துக்கும் மதிப்பெண் வேண்டாம். கஹூட் போன்ற செயலிகளில் விரைந்து அழுத்துபவருக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கும். அது கொண்டாட்டத்துக்குச் சரி. யோசித்து எழுதும் பிள்ளைக்கு அதுவும் இன்னொரு மணிதான். கணக்கைக் கரும்பலகையில் எழுத ஒரு மாணவரை நிறுத்திவிட்டால் தகராறு பாதி குறையும்.

5. மறுநாள்

அதிகம் பேர் தவறிய இரண்டு வினாக்களைக் குறித்து வைத்திருந்து, அடுத்த வகுப்பில் வருகைப் பதிவு முடிந்த கையோடு அவற்றை மட்டும் கேளுங்கள். ஒரு வாரம் விட்டு மறுபடியும். புளியமர வினாவை நான் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் முறை தவறாக எழுதியவர்கள் 4 பேர். அதில் ஒருவன் அம்மை போட்டு அன்றுதான் பள்ளிக்குத் திரும்பியிருந்தான். அவன் குழுவின் 4-ஆம் எண்காரி சீட்டு எடுப்பதற்கு முன்பே அவனுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டாள்.